மாஸ்கோவில் தூதர், பீகிங்கில் விருந்தினர்: திருத்தணி இராதாகிருஷ்ணனின் தூதுப்பணியும் சீனமும்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தத்துவப் பேராசிரியராகவும், துணைவேந்தராகவும், நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவராகவும் விரிவாகப் பேசப்பட்டிருக்கிறார். 1949 முதல் 1952 வரை அவர் சோவியத் ஒன்றியத்தில் இந்தியத் தூதராக இருந்த காலமோ, ஸ்டாலினின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்த கதையோடு பெரும்பாலும் முடித்துவைக்கப்படுகிறது. கேட்க இனிமையான அந்தக் கதை இரண்டு கேள்விகளை மறைத்துவிடுகிறது. அயலுறவுத் துறையில் எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு தத்துவ அறிஞர், அன்றைய உலகில் எவரும் எளிதில் நெருங்க முடியாத ஒரு தலைநகரில் உண்மையில் எதைச் சாதித்தார் என்பது ஒன்று. மாஸ்கோவில் பலித்த அதே அணுகுமுறை, அவர் வாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கிட்ட சீனத்திடம் ஏன் பலிக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு விடை தேடும்போதுதான் முதலாவதன் விடையும் தெளிவாகிறது.

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில் உள்ள திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று அவர் பிறந்தார் என்பது பதிவுகளில் உள்ள செய்தி. அப்போது திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதற்குள் சென்றது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதோடு போனது. 1960-இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஓர் ஊர் தன் இடத்தைவிட்டு அசையாமலே இத்தனை நிர்வாக எல்லைகளுக்குள் மாறி மாறி அமைந்த இந்த வரலாறு, பின்னர் பேசப்படவிருக்கும் எல்லைச் சிக்கலோடு தொடர்புடையது என்பதால் இங்கே நினைவில் கொள்ளத் தக்கது. நெல்லூர்ப் பகுதியின் சர்வபள்ளி என்னும் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட, தெலுங்கு பேசும் குடும்பம் அவருடையது. தந்தை வீராசாமி ஜமீன் வருவாய்ப் பணியில் சிறு ஊதியத்துக்கு வேலை பார்த்தவர். திருத்தணி, திருப்பதி, வேலூர் ஆகிய ஊர்களில் படித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் பயின்ற இராதாகிருஷ்ணன், 1909-இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகி, மைசூர், கல்கத்தா, ஆந்திரம், ஆக்ஸ்போர்டு, காசி என்று பல்கலைக்கழகங்களின் வழியாக உயர்ந்தது பலரும் அறிந்த செய்தியாதலால் அதை விரிக்க வேண்டியதில்லை.

அவருடைய தூதுப்பணிக்கு முன்னோட்டமாக அமைந்தவை வேறு. முதல் உலகப் போருக்குப்பின் நாடுகளிடையே அமைதியைக் காப்பதற்காக ஏற்பட்ட சர்வதேச சங்கம், அறிஞர்களிடையே ஒத்துழைப்பை வளர்க்க அமைத்த குழுவில் அவர் 1930-களில் உறுப்பினராக இருந்தார். இரண்டாம் போருக்குப்பின் கல்வி, அறிவியல், பண்பாடு ஆகியவற்றுக்காக ஐக்கிய நாடுகள் உருவாக்கிய யுனெஸ்கோவுக்குச் சென்ற இந்தியக் குழுக்களுக்குத் தலைமை தாங்கினார். 1948-இல் அதன் நிர்வாகக் குழுவின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவை எல்லாம் பேச்சால் நடக்கும் அரங்குகள். அங்கே நில வரைபடத்தை மேசைமீது விரித்து எவரும் பேரம் பேசுவதில்லை; மனித குலத்தின் பொதுவான அறநெறிகளைப் பற்றி நயமாகப் பேசக்கூடியவருக்கு மதிப்பு தானே வந்து சேரும். இராதாகிருஷ்ணனைவிட அந்த அரங்குக்குப் பொருத்தமானவரை அன்றைய இந்தியாவில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

சீனத்தோடு அவருக்கு ஏற்பட்ட முதல் நேர்ப்பழக்கமும் இப்படிப்பட்ட ஓர் அரங்கிலேயே நிகழ்ந்தது. ஜப்பானியப் படையெடுப்பால் தலைநகரைச் சுங்கிங்குக்கு மாற்றிக்கொண்டிருந்த சியாங் கை-ஷேக்கின் அரசு அழைத்ததன் பேரில், 1944 மே மாதம் அவர் அங்கே சென்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை அந்த ஆண்டிலேயே 'இந்தியாவும் சீனாவும்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வெளிவந்தன. கன்பூசிய நெறி, தாவோ நெறி, சீனத்தில் பௌத்தம், போரும் உலகப் பாதுகாப்பும் ஆகியவற்றைப் பற்றி அவர் பேசினார். பௌத்தத்தின் வழியாக இரு நாடுகளும் பல நூற்றாண்டுகள் பூசலின்றி உறவாடின என்பதும், அந்த உறவு எதிர்கால ஆசியாவுக்கு அடித்தளமாகும் என்பதும் அன்று இந்திய அறிஞர்களிடையே பரவலாக இருந்த நம்பிக்கை. தாகூர் 1937-இல் சாந்திநிகேதனில் சீன பவனத்தை நிறுவியதும், நேரு 1939-இல் சுங்கிங் சென்றதும் அந்த நம்பிக்கையின் வெளிப்பாடுகளே. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதி வைத்திருப்பதால், தொண்டைமண்டலத்தில் பிறந்த ஒருவருக்கு இந்த நினைப்பு இயல்பாகவே தோன்றியிருக்கலாம். ஆயினும் இரு நாகரிகங்கள் பூசலின்றி வாழ்ந்ததற்கு இடையில் திபெத்து என்னும் பெரும் நிலப்பரப்பு இருந்ததும் ஒரு காரணம் என்பதை அந்தத் தலைமுறையில் சிலரே எண்ணிப் பார்த்தனர்.

மாஸ்கோவுக்கு அவர் அனுப்பப்பட்ட சூழல் சாதகமானதாக இல்லை. 1947-இல் உலகம் இரு முகாம்களாகப் பிரிந்துவிட்டது என்று சோவியத் தலைமை அறிவித்திருந்தது. அந்தக் கணக்கில் இந்தியா பிரிட்டனின் நிழலில் வாழும் நாடாகவே எண்ணப்பட்டது. 1949 ஏப்ரலில் குடியரசாகவிருந்த இந்தியா காமன்வெல்த் அமைப்பில் நீடிக்க ஒப்புக்கொண்டதும், தெலங்கானாவில் பொதுவுடைமைக் கட்சியின் ஆயுதப் போராட்டத்தை அரசு அடக்கிக்கொண்டிருந்ததும் அந்த ஐயத்தை வலுப்படுத்தின. முதல் தூதராகச் சென்ற விஜயலட்சுமி பண்டிட், பிரதமரின் தங்கையாக இருந்தும், ஸ்டாலினை ஒருமுறைகூடச் சந்திக்க முடியாமல் திரும்பினார். அவருக்குப்பின், கடவுள் நம்பிக்கையும் வேதாந்த ஈடுபாடும் கொண்ட ஒருவரை நாத்திக அரசிடம் அனுப்புவது என்று நேரு எடுத்த முடிவு பலருக்கு வியப்பளித்தது. அதைவிட வியப்பானது, ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பதவியை விடாமல், ஆண்டில் ஒரு பகுதியை அங்கே கழிக்க அவருக்கு அளிக்கப்பட்ட அனுமதி. தூதரகத்தின் அன்றாடக் கோப்புகளை ஒய். டி. குந்தேவியா போன்ற பணித்துறை அதிகாரிகள் கவனித்துக்கொள்ள, தூதரோ பெரும்பொழுதைக் கட்டிலில் சாய்ந்தபடி படிப்பதிலும் உபநிடதங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பதிலும் செலவிட்டார்; அந்த மொழிபெயர்ப்பு 1953-இல் வெளிவந்தது. இன்றைய அயலுறவுப் பணியின் விதிமுறைகளைக் கொண்டு பார்த்தால் இப்படி ஒரு தூதரை எந்த அமைச்சகமும் ஏற்காது.

ஆனால் அவர் 1949 செப்டம்பரில் மாஸ்கோ சேர்ந்து நான்கு மாதங்களுக்குள், 1950 ஜனவரி நடுவில் ஓர் இரவில், ஸ்டாலின் அவரை அழைத்துப் பேசினார். அயலுறவு அமைச்சர் விஷின்ஸ்கி உடனிருந்தார். இந்தச் சந்திப்பைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் இரண்டு செய்திகள் புகழ்பெற்றவை. பனிப்போரை, அதாவது படைகள் மோதாமல் வல்லரசுகளிடையே நடந்த பகைமையை, முடிவுக்குக் கொண்டுவரும் பொறுப்பு சோவியத் தரப்புக்கும் உண்டு என்று தூதர் சொன்னபோது, இரு கைகளும் சேர்ந்தால்தானே ஓசை என்று ஸ்டாலின் மறுமொழி கூறினாராம். அப்படியானால் அமைதி விரும்பும் நாடு தன் கையை எடுத்துக்கொள்ளலாமே என்று இராதாகிருஷ்ணன் சொன்னாராம். கலிங்கப் போருக்குப்பின் மனம் மாறிய அசோகனை அவர் எடுத்துக்காட்டியபோது, தாமும் இளமையில் சமயப் பள்ளியில் படித்தவர்தாம் என்று ஸ்டாலின் நினைவுகூர்ந்தார் என்பது மற்றொன்று. சொற்கள் அப்படியே பேசப்பட்டனவா என்பதைவிட, அவ்வளவு அஞ்சப்பட்ட ஒருவரிடம் இந்த வகையில் பேச ஒரு தூதருக்குத் துணிவு இருந்தது என்பதும், கேட்டவர் அதற்குச் சினம் கொள்ளவில்லை என்பதும் முக்கியமானவை.

ஆயினும் அந்த அழைப்பை இராதாகிருஷ்ணனின் ஆளுமையால் மட்டுமே விளக்கிவிட முடியாது. அந்த ஜனவரியில் மாஸ்கோவில் மற்றொரு விருந்தினரும் தங்கியிருந்தார். 1949 டிசம்பர் 16 அன்று வந்த மாவோ, 1950 பிப்ரவரி 17 வரை அங்கிருந்து, நட்புறவு உடன்படிக்கை ஒன்றுக்காகக் காத்திருந்தார். இந்தியா 1949 டிசம்பர் 30 அன்று சீன மக்கள் குடியரசை அங்கீகரித்தது. அதாவது அதுவே சீனத்தின் முறையான அரசு என்று ஏற்றது. பிரிட்டன் சொல்படி ஆடும் நாடு என்று எண்ணப்பட்ட இந்தியா, பிரிட்டனுக்கு ஒரு வாரம் முன்பே இந்த முடிவை எடுத்தது. இந்தியத் தூதருக்குக் கிரெம்ளின் கதவு திறந்ததற்கும் இதற்கும் உள்ள கால நெருக்கத்தைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். சீனத்தைப் பற்றி தில்லி எடுத்த நிலைப்பாடுதான் மாஸ்கோவில் தூதருக்கு முதல் கைம்முதலாக அமைந்தது என்றே கொள்ள வேண்டும்.

கொரியப் போர் இதை உறுதிப்படுத்தியது. 1950 ஜூன் 25 அன்று போர் தொடங்கியபோது, வட கொரியாவைக் கண்டித்த ஐக்கிய நாடுகள் தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. சீனத்தின் இடத்தில் தைவான் அரசின் பேராளர் அமர்ந்திருப்பதை எதிர்த்துச் சோவியத் ஒன்றியம் ஜனவரி முதலே பாதுகாப்பு அவையைப் புறக்கணித்து வந்தது. பீகிங் அரசுக்கு அந்த இடத்தை அளித்து, சோவியத் பேராளர் அவைக்குத் திரும்பி, அங்கே போர்நிறுத்தம் பேசப்படட்டும் என்னும் யோசனையை ஜூலைத் தொடக்கத்தில் இராதாகிருஷ்ணன் சோவியத் அயலுறவு அமைச்சகத்திடமும் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஆலன் கிர்க்கிடமும் எடுத்துச் சென்றார். அதைத் தொடர்ந்து ஜூலை 13 அன்று நேரு, ஸ்டாலினுக்கும் அமெரிக்க அயலுறவு அமைச்சர் அச்சிசனுக்கும் மடல் எழுதினார். ஸ்டாலின் இரண்டே நாளில் வரவேற்று விடை எழுதினார், அச்சிசன் மறுத்துவிட்டார். முயற்சி தோற்றது. ஆனால் மேற்கு நாடுகளோடு சேர்ந்து வாக்களித்த பிறகும் தன் போக்கில் ஒரு வழியைத் தேடும் நாடு என்று இந்தியாவை மாஸ்கோ கணிக்கத் தொடங்கியது இதன் பிறகுதான். அணிசேராமை, அதாவது எந்த வல்லரசின் படைக்கூட்டிலும் சேராமல் ஒவ்வொரு சிக்கலையும் தனித்தனியே எடைபோடும் கொள்கை, அதுவரை மாஸ்கோவுக்கு வெறும் சொல்லாகவே இருந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் விளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. 1951-இல் உணவுப் பற்றாக்குறையால் இந்தியா தவித்தபோது, 20 லட்சம் டன் தானியம் வாங்குவதற்கான 19 கோடி டாலர் கடனைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றம் மாதக்கணக்கில் வாதிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு இடையில் 50,000 டன் சோவியத் கோதுமை பண்டமாற்றாக வந்து சேர்ந்தது. அளவில் இது அமெரிக்க உதவியில் நாற்பதில் ஒரு பங்குதான். செய்தித்தாள்களில் பெற்ற இடமோ அதைவிடப் பெரிது. அதே ஆண்டு செப்டம்பரில், ஜப்பானுடனான அமைதி உடன்படிக்கைக்காகச் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய மாநாட்டில் கலந்துகொள்ள இந்தியா மறுத்தது. 1952 ஜனவரியில் பாதுகாப்பு அவையில் சோவியத் பேராளர் மாலிக், காஷ்மீர்ச் சிக்கலில் அமெரிக்காவும் பிரிட்டனும் தலையிடுவதைக் கண்டித்து முதன்முறையாக விரிவாகப் பேசினார். பிற்காலத்தில் காஷ்மீர் தொடர்பாகச் சோவியத் ஒன்றியம் பயன்படுத்திய தடையுரிமைக்கு இதுவே தோற்றுவாய். 1952 ஏப்ரல் 5 அன்று விடைபெறச் சென்ற தூதரை ஸ்டாலின் மீண்டும் நேரில் வரவேற்றார். கன்னத்தைத் தட்டியதும், தம்மை மனிதராக நடத்திய முதல் ஆள் நீங்கள்தாம் என்று ஸ்டாலின் நெகிழ்ந்ததும் இந்தச் சந்திப்பைச் சுற்றிப் பல வடிவங்களில் சொல்லப்படும் கதைகள். அவற்றில் எது உண்மையானாலும், மாலிக்கின் உரைக்கோ கோதுமைக் கப்பலுக்கோ அது காரணமல்ல. அவை இரண்டும் கன்னம் தட்டப்படுவதற்கு முன்பே நடந்துவிட்டவை. தில்லி எடுத்த முடிவுகளைச் சூழ்ச்சியற்றவை என்று மாஸ்கோ நம்பும்படி செய்ததே தூதரின் பங்கு. தமக்கென எதையும் கேட்காத, வதந்தி திரட்டாத, நள்ளிரவில் எழுப்பினாலும் ஒரே கருத்தையே சொல்லும் முதியவர் ஒருவர் அதற்குப் பொருத்தமாக இருந்தார் என்பதில் ஐயமில்லை.

இந்த இடத்தில் அதே காலத்துச் சீனத் தூதர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். புதிய இந்தியா தன் முதல் தூதர்களாகப் பெரும்பாலும் அறிஞர்களையும் பொதுவாழ்வினரையும் தேர்ந்தது. மாஸ்கோவுக்கு ஒரு தத்துவ ஆசிரியர், பீகிங்குக்கு கே. எம். பணிக்கர் என்னும் வரலாற்று ஆசிரியர். புதிய சீனமோ படைத்தலைவர்களையும், படைக்குள் கட்சிப் பொறுப்பு வகித்தவர்களையும் அனுப்பியது. தில்லிக்கு வந்த முதல் தூதர் யுவான் சோங்சியன், 1949-இல் யாங்சி ஆற்றில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் அமெதிஸ்ட் சிக்கிக்கொண்ட நிகழ்ச்சியில் சீனத் தரப்புக்குப் பொறுப்பேற்றிருந்த தளபதி. அவருக்கு அடுத்து வந்த பான் சூலி, படையில் அரசியல் ஆணையராக இருந்து, வட கொரியாவில் தூதராகப் பணியாற்றியபின் 1956-இல் தில்லி வந்தவர். இவர்களுக்கு மேலே, 1949 முதல் பிரதமராகவும் 1958 வரை அயலுறவு அமைச்சராகவும் சேர்ந்தே இருந்த சூ என்லாய் ஒவ்வொரு வரியையும் தாமே சரிபார்த்தார். 1950 அக்டோபர்த் தொடக்கத்தில் நள்ளிரவில் பணிக்கரை அழைத்து, அமெரிக்கப் படை 38-ஆம் அட்சக்கோட்டைக் கடந்தால் சீனம் போரில் இறங்கும் என்று அறிவித்தவர் அவரே. 1956 டிசம்பரில் சென்னைக்கு வந்து பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்து, கூடியிருந்தோரிடம் சிரித்த முகத்தோடு கைகுலுக்கியவரும் அவரே. அவருடைய மென்மை இயல்பானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அது ஓர் அங்குல நிலத்தையும் விட்டுக்கொடுக்க வைத்ததில்லை. 1959 மே 16 அன்று பான் சூலி அயலுறவுச் செயலர் சுபிமால் தத்திடம் அளித்த அறிக்கை, இந்தியா இரு முனைகளில் பகையைத் தாங்க முடியுமா என்று வெளிப்படையாகவே கேட்டது. அறநெறி பேசிய இந்தியத் தூதர்களிடமிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை எதிர்பார்க்க முடியாது; அதை வாசித்தபோது தில்லியில் பலர் அடைந்த அதிர்ச்சியே, இரு தரப்பும் தூதுப்பணி என்பதை எவ்வளவு வேறாகப் புரிந்துகொண்டிருந்தன என்பதற்குச் சான்று.

1952-இல் குடியரசுத் துணைத் தலைவரான இராதாகிருஷ்ணன், 1957 செப்டம்பரில் சீனம் சென்றார். மாவோ தம் இருப்பிடத்தின் முற்றம்வரை வந்து வரவேற்றதாகவும், அவருடைய கன்னத்தையும் விருந்தினர் தட்டியதாகவும், அனைவரும் திகைத்தபோது ஸ்டாலினையும் போப்பாண்டவரையும்கூட இப்படித் தட்டியதுண்டு என்று சமாதானம் சொன்னதாகவும், அன்று பீகிங் தூதரகத்தில் பணியாற்றிய நட்வர் சிங் பிற்காலத்தில் எழுதினார். கதையின் நகைச்சுவை ஒருபுறம் இருக்க, காலக்குறிப்பு வேறொன்றைச் சொல்கிறது. சிங்கியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை முடிவடைந்ததாகச் சீனம் அறிவித்தது அடுத்த மாதமே, 1957 அக்டோபரில். அந்தச் சாலை, இந்தியா தன் லடாக் பகுதியைச் சேர்ந்தது என்று கொண்டிருந்த அக்சாய் சின் மேட்டுநிலத்தின் ஊடாகச் செல்கிறது. விருந்தும் உரைகளும் நடந்துகொண்டிருந்த நாட்களில் சாலைப்பணி இறுதிக் கட்டத்தில் இருந்தது. வந்திருந்த உயர்நிலை விருந்தினரிடம் அதைப் பற்றி எவரும் பேசவேண்டிய தேவை இருக்கவில்லை. இந்தியத் தரப்பும் அதைக் கேட்கும் அளவுக்கு அறிந்திருக்கவில்லை. 1958-இல் அனுப்பப்பட்ட சுற்றுக்காவல் படையினர் நேரில் பார்த்த பிறகே தில்லி முறைப்படி மறுப்புத் தெரிவித்தது.

எல்லை என்பதை எப்படிப் பேசித் தீர்ப்பது என்பதற்கு, துணைத் தலைவர் பிறந்த ஊரே அந்த ஆண்டுகளில் ஒரு பாடமாக இருந்தது. ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில், ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் ஆகியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக, எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்வது, அங்கே பெரும்பான்மையினர் பேசும் மொழியைப் பார்ப்பது, நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பது என்று அவர் வகுத்த முறையை இரு அரசுகளும் ஏற்றன. நாடாளுமன்றம் 1959-இல் இயற்றிய சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைத் தாண்டி ஆரம்பாக்கத்துக்கு அப்பால் இன்று சரக்குந்துகள் கடக்கும் மாநில எல்லையின் இறுதி வடிவம் இந்தச் சட்டத்தோடு வந்ததுதான்.

அதற்கு 18 நாட்களுக்குப் பின், 1960 ஏப்ரல் 19 அன்று, சூ என்லாய் தில்லியில் வந்திறங்கினார். நேருவோடு ஏறத்தாழ 20 மணிநேரம் பேசினார். துணைத் தலைவரான இராதாகிருஷ்ணனையும் சந்தித்தார். கிழக்கில் மக்மோகன் கோட்டை, அதாவது 1914-இல் சிம்லாவில் பிரிட்டிஷ் இந்தியாவும் திபெத்தும் ஒப்புக்கொண்ட கோட்டை, நடைமுறையில் ஏற்பதற்கு ஈடாக மேற்கில் அக்சாய் சின்னை விட்டுவிடுமாறு சீனத் தரப்பு குறிப்பால் உணர்த்தியது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. திருத்தணி வழக்கில் இருந்தவை இங்கே இல்லை. இரு தரப்பும் ஒப்பிய அளவுகோல் இல்லை. எண்ணிப் பார்க்க மக்கள் தொகையும் இல்லாத உயர்ந்த பாலைநிலம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்ப்பு சொல்லும் பொது நாடாளுமன்றமும் இல்லை. எஞ்சியது ஆவணம் மட்டுமே.

அந்த ஆவணங்களைத் திரட்டும் பொறுப்பு இராதாகிருஷ்ணனின் மகனிடமே இருந்தது என்பது வரலாற்றின் ஒரு விநோதம். சர்வபள்ளி கோபால், வரலாற்று ஆசிரியர். அயலுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவை அப்போது இயக்கியவர். 1959-இல் லண்டன் சென்று இந்தியா ஆபீஸ் நூலகத்தில் பழைய வரைபடங்களையும் கடிதங்களையும் ஆராய்ந்து, அக்சாய் சின் மீது சீனத்தைவிட இந்தியாவுக்கே வலுவான உரிமை உண்டு என்று நேருவிடம் தெரிவித்தார். சூ என்லாயின் வருகைக்குப்பின் பீகிங், தில்லி, ரங்கூன் ஆகிய இடங்களில் இரு நாட்டு அதிகாரிகளும் கூடி ஆராய்ந்தபோது, ஜகத் மேத்தா தலைமையிலான இந்தியக் குழுவில் கோபாலும் இருந்தார். 1961 பிப்ரவரியில் வெளியான அந்த அறிக்கை, ஒரே கேள்விக்கு இரு தரப்பும் தனித்தனியே எழுதிய இரு விடைகளின் தொகுப்பாக அமைந்தது. தந்தை நம்பியது பண்பாட்டு உறவை, மகன் நம்பியது சான்றை. சான்று வலுவாக இருந்தது என்பதாலேயே விட்டுக்கொடுத்துப் பேசும் இடம் தில்லியில் குறைந்துபோனது என்ற விமர்சனமும் உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இந்து நாளிதழில் இதழாளராக இருந்து 1958 முதல் 1961 வரை பீகிங்கில் தூதராகப் பணியாற்றிய ஜி. பார்த்தசாரதி, இந்த இறுக்கத்தின் நடுவே இருந்த தமிழர்.

1962 மே மாதம் இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானார். அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கிலும் தாக்கின. அக்டோபர் 26 அன்று நாட்டின் முதல் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் அவர் கையெழுத்திட்டார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் விலக வேண்டும் என்று நேருவிடம் வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். எளிதில் நம்பியதும் அசட்டையாக இருந்ததுமே நாட்டை இந்நிலைக்குக் கொண்டுவந்தன என்ற பொருளில் அவர் வெளிப்படையாகப் பேசியது அரசின்மீதான கண்டனமாகவே கொள்ளப்பட்டது. 1944-இலும் 1957-இலும் அந்த நம்பிக்கையை வளர்த்த குரல்களில் அவருடையதும் ஒன்று என்பதை அந்தப் பேச்சு தொட்டுச் செல்லவில்லை.

அதே அக்டோபரில் மாஸ்கோ உறவும் சோதிக்கப்பட்டது. கியூபாவில் அமெரிக்காவோடு மோதும் நிலையில் இருந்த சோவியத் தலைவர் குருசேவ், சீனத்தின் ஆதரவை வேண்டியதால், அக்டோபர் 25 அன்று பிராவ்தா நாளிதழ் சீனத் தரப்புக்குச் சாய்வாகத் தலையங்கம் எழுதியது. கியூபா நெருக்கடி தணிந்ததும் சோவியத் ஒன்றியம் நடுநிலைக்குத் திரும்பியது. மிக்-21 போர் விமானங்களுக்கான ஒப்பந்தமும் கைவிடப்படவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் தொடங்கிய நம்பிக்கை வல்லரசின் தன்னலத்தை வெல்லவில்லை. ஆனால் அந்தத் தன்னலம் தணிந்தபின் மீளும் வழியை அடைக்காமல் வைத்திருந்தது. 1964 செப்டம்பரில் குடியரசுத் தலைவராக இராதாகிருஷ்ணன் மீண்டும் மாஸ்கோ சென்றபோது, அவரை வரவேற்ற தலைமை சீனத்தோடு வெளிப்படையாகவே முரண்பட்டிருந்தது. அடுத்த மாதம் குருசேவ் பதவியிழந்தார், சீனம் தன் முதல் அணுகுண்டை வெடித்தது.

அந்த உறவின் பொருள் வடிவங்கள் தமிழகத்திலேயே பல இடங்களில் நிற்கின்றன. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியால் எழுந்தது. திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வரும் ஆவடியில் 1960-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை, முதலில் பிரிட்டிஷ் வடிவமைப்பில் விஜயந்தா டாங்கியைச் செய்தது. 1980-களில் சோவியத் உரிமத்தின்பேரில் டி-72 வகைக்கு மாறி, பின்னர் ரஷ்ய வடிவமைப்பான டி-90 வகையையும் செய்யலாயிற்று. 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோசலிசப் பாணி சமுதாயத்தை இலக்காக அறிவித்த அதே ஆவடி இது.

பண்பாட்டு உறவைக் கொண்டு சீனத்தை அணுகும் பழைய முறையும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2019 அக்டோபர் 11, 12 ஆகிய நாட்களில் சீன அதிபர் ஷி ஜின்பிங், மூத்த தூதரும் அயலுறவு அமைச்சருமான வாங் யி உள்ளிட்டோருடன் மாமல்லபுரம் வந்தபோது, பல்லவர் காலத்துச் சீனத் தொடர்பு விரிவாக நினைவூட்டப்பட்டது. இந்தியத் தரப்பில் அமர்ந்திருந்த அயலுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர், தம் பணியை மாஸ்கோவில் தொடங்கி, 2009 முதல் 2013 வரை பீகிங்கில் தூதராக இருந்தவர். இராதாகிருஷ்ணன் தொட்ட இரு தலைநகரங்களையும் பணித்துறைப் பயிற்சியின் வழியாக அறிந்தவர். எட்டு மாதங்களுக்குப்பின், 2020 ஜூன் 15 இரவில், லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இரு படைகளும் மோதியதில் இந்திய வீரர் 20 பேர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து அந்த மேட்டுநிலத்தில் நிறுத்தப்பட்டவற்றில் ஆவடியில் உருவான டி-72, டி-90 வகை டாங்கிகளும் இருந்தன. மறுபுறத்தில் வாங் யியோடு தொலைபேசியில் பேசிப் படை விலக்கலுக்கு வழி தேடும் பொறுப்பு ஜெய்சங்கருக்கு வந்து சேர்ந்தது.